என் பெயரில் ஏறிய வலிப்பு

நான் கட்டியவை இவை. உட்துறைமுகக் கரையில், முழங்கால் வரை சேறு விழுங்கும் இடத்தில், பழைய தண்டவாளத் துண்டுகளைப் போட்டு வள்ளங்களை இழுத்தேற்றுகிற சாய்தளம் ஒன்று. ஒரு மாரிக்கும் தாங்காது என்றார்கள். எத்தனையோ மாரி வந்து போய்விட்டது, சொன்னவர்களிலும் பாதிப் பேர் போய்விட்டார்கள், சாய்தளம் நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு பட்டறை. அதன் கூரையைக் காற்று இரண்டு தரம் கொண்டுபோனது, இரண்டு தரமும் நானே ஏறிப் போட்டேன். லோஞ்சி என்கிற, சனம் ஏற்றும் மோட்டார்ப் படகு இரண்டு. அதில் பெரியதை அடிமரத்திலிருந்து மேல்தட்டு வரை என் கையால் செய்தேன், வரைபடம் இல்லாமல், மனதில் வைத்து. அன்புவழிபுரத்தில் கிணற்றோடு ஒரு கல்வீடு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்தான் என்பதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

இவற்றோடு இன்னொன்றும் கட்டினேன். ஆஸ்பத்திரியில் ஒரு யன்னல். சாய்தளம் என்னுடையது என்று ஊர் ஒப்புக்கொள்ளும், லோஞ்சியையும் ஒப்புக்கொள்ளும். யன்னலை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. ஆகவே அதை எழுதுகிறேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். காரணம் போகப்போக விளங்கும்.

எங்கள் பக்கத்தில் கிளினிக்குக்குப் போகிறவர் கொப்பியைத் தானே கடையில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். டொக்டர் அதில் எழுதுவார். மருந்து கொடுக்கிறவர் அதைப் பார்த்துக் குளிசையை எண்ணித் தருவார். பிறகு கொப்பி எங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். எழுதுவது ஆஸ்பத்திரியின் வேலை, காப்பாற்றுவது எங்கள் வேலை. சிலர் கொப்பியை மழையில் நனைய விடுவார்கள், சிலர் வீட்டுச் சின்னதுகள் படம் கீறக் கொடுத்துவிடுவார்கள். என்னுடையது அப்படி இல்லை. கடலில் புழங்குகிறவனுக்கு ஈரம்தான் முதல் எதிரி. லோஞ்சிக்கு மேலே கட்டுகிற பச்சைப் படங்கில் மிஞ்சிய துண்டை வெட்டி, கோணி ஊசியால் தைத்து, ஒவ்வொரு கொப்பிக்கும் உறை போட்டேன். எனக்குப் பிரஷர் வந்த நாளிலிருந்து எழுதிய எழுத்து அத்தனையும் அலுமாரியின் மேல்தட்டில் பச்சை உறையோடு அடுக்கி இருந்தது.

அந்த அடுக்கில் ஒன்று என்னுடையது இல்லை.

என்னோடு லோஞ்சியில் நின்ற கூட்டாளி ஒருவனின் கதை அது. அவன் எந்தக் கரை, கும்பிடுகிறவனா தொழுகிறவனா, இப்போது எங்கே இருக்கிறான் என்பதெல்லாம் இந்த எழுத்தில் இராது. என்னோடு இத்தனை வருடத்தில் கடலில் நின்றவர்கள் முப்பது பேருக்கு மேல். முடிந்தால் தேடிக்கொள்ளுங்கள்.

சண்டைக் காலம். ஒரு காலை, ஆட்களை இறக்கிவிட்டு வெறும் லோஞ்சியோடு திரும்புகிறோம். கயிறு சுருட்டிக்கொண்டு நின்றவன் அப்படியே விழுந்தான். கண் மேலே போய்விட்டது, கை கால் இழுக்கிறது, வாயில் நுரை. நான் சுக்கானைக் காலால் பிடித்துக்கொண்டு அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தான். முதலில் கேட்டது, “வேற ஆரும் கண்டவையளே?”

“கடல் கண்டது” என்றேன்.

“மச்சான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. வலிப்புக்காரன் எண்டு தெரிஞ்சா என்னை ஒருத்தனும் வள்ளத்தில ஏத்தமாட்டான்.”

“மருந்து எடுக்கவேணும்.”

“எங்க போய் எடுக்கிறது? கிளினிக் வாங்கில இருக்கிற பாதிச் சனம் எங்கட இறங்குதுறைச் சனம். பேரைக் கூப்பிட்டு, வருத்தத்தையும் சேர்த்துத்தானே கூப்பிடுறாங்கள்.”

அவன் சொன்னது சரி. கிளினிக்கில் இரகசியம் என்று ஒன்று அந்த நாட்களில் கிடையாது. ஒரு நீள வாங்குப் பலகையில் இருபது பேர், கதவு திறந்தபடி, உள்ளே கேட்கிற கேள்வி வெளியே கடைசி ஆளுக்கும் கேட்கும். ஆனால் ஒன்று. நான் ஏற்கெனவே பிரஷருக்குப் போய் வருகிறவன். என் கையில் இன்னொரு பை குளிசை இருந்தால் யார் கேட்பார்? கேட்டாலும் என்னை வேலையால் நிற்பாட்ட யார் இருக்கிறார்கள்? முதலாளி நான்தானே.

ஆகவே வேறொரு கிளினிக் நாளில், என் பெயர் எழுதிய புதுக் கொப்பியோடு, நான் போய் இருந்தேன். கதவுக்குக் கிட்ட இருந்த ஆட்கள் உள்ளே போய் முடியட்டும் என்று கடைசி ஆளாகப் போனேன். அவனுக்கு வந்ததை எனக்கு வந்ததாகச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, ஒரு சொல்லும் குறைக்கவில்லை. “நாக்கைக் கடிச்சனீங்களோ?” என்று டொக்டர் கேட்டார். கடித்தேன் என்றேன். நாக்கைக் காட்டச் சொல்லவில்லை, நல்ல காலம். மாதா மாதம் குளிசை எடுத்து அவனிடம் கொடுத்தேன். அடுத்த மாதம் போகுமுன் “எப்பிடி இருக்குது உனக்கு?” என்று கேட்டு, அதை அப்படியே கொண்டுபோய் ஒப்புவித்தேன். மருந்து எடுக்கத் தொடங்கியும் சுக்கானில் அவனை ஒருநாளும் விடவில்லை. கயிறும் ஆட்களும் அவன் பொறுப்பு, சுக்கான் என்னுடையது. ஆறு வருடம் இப்படி நடந்தது. வலிப்பு திரும்பி வரவேயில்லை. டொக்டர் குளிசையைக் குறைத்துக் குறைத்து ஒருநாள் நிற்பாட்டி, “உங்களுக்குச் சுகம், இனி வரத் தேவையில்லை” என்று கை கொடுத்தார். எனக்கு இல்லாத வருத்தம் எனக்கு மாறிவிட்டது. நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தக் கொப்பிக்கும் அதே பச்சைப் படங்குதான் உறை. எனக்கு இங்கிலிஷ் எழுத்து வாசிக்க வராது, அதிலும் டொக்டர்மாரின் எழுத்து டொக்டர்மாருக்கே வராது. அடையாளத்துக்கு அவன் கொப்பியின் மூலையை மட்டும் சிவப்பு வலைநூலால் தைத்திருந்தேன். கயிற்றுக்குக் கயிறு, வலைக்கு வலை நூல் நிறத்தை வைத்து அடையாளம் பிடித்தே பழகியவன் நான். கொப்பியைக் கிழித்து எறிந்திருக்கலாம்தான். நான் எதையும் எறிகிறவன் இல்லை. ஒரு பழைய ஆணியையும் நிமிர்த்தி வைத்திருப்பேன்.

பிறகு கொம்பியூட்டர் வந்தது. ஆஸ்பத்திரியில் அறிவித்தல் போட்டார்கள்: எல்லோரும் பழைய கிளினிக் கொப்பிகளைக் கொண்டுவர வேண்டும், எல்லாம் பதியப்படும், ஆளுக்கொரு இலக்கமும் அட்டையும் தரப்படும், இனிக் கொப்பி சுமக்கத் தேவையில்லை. மற்றவர்கள் ஒன்று, இரண்டு, அதுவும் அட்டை கிழிந்தது, ஓரம் எலி தின்றது என்று கொண்டு வந்தார்கள். நான் அலுமாரியின் மேல்தட்டை அப்படியே அள்ளி, கட்டாகக் கட்டிக்கொண்டு போனேன்.

பதிவு அறையில் இருந்தவர் நடுவயதுப் பெண். மூக்குக் கண்ணாடி, மேசை நிறையக் கொப்பி. என் கட்டை அவிழ்த்தவர் எழும்பி நின்றுவிட்டார்.

“ஐயா, பதினொரு கொப்பி! ஒரு தாள் குறையேல்ல! எல்லாரும் உங்களைப்போல வைச்சிருந்தா எங்களுக்கு வேலையே இல்லை.”

மற்ற மேசையில் இருந்தவரையும் கூப்பிட்டுக் காட்டினார். உறையைத் தடவிப் பார்த்தார்கள். “ஆர் தைச்சது?” “நான்தான்.” என் நெஞ்சு எவ்வளவு பெருத்தது என்று சொல்லத் தேவையில்லை. வருடக்கணக்காக அலுமாரியில் கிடந்த சிவப்பு நூல் வெளுத்து மற்ற நூல்களின் நிறத்துக்கே வந்துவிட்டது என்பதை அப்போது நான் பார்க்கவில்லை. புகழ்கிற நேரத்தில் எந்த மனிதன் நூலைப் பார்ப்பான்?

“கொப்பியளை வைச்சிட்டுப் போங்கோ ஐயா. இனி இது உங்களுக்குத் தேவையில்லை.”

பதினொரு கொப்பியைக் கொடுத்து, கோடு கோடாக அச்சடித்த ஒரு அட்டையை வாங்கிக்கொண்டு வந்தேன். லோஞ்சி வாங்க வந்தவனுக்கு இப்படி ஒரு பேரத்தை நான் விட்டிருப்பேனா? அன்றைக்கு விட்டேன்.

லோஞ்சி ஓட்டுகிற அனுமதியைக் குறித்த காலத்துக்கு ஒருதரம் புதுப்பிக்க வேண்டும். ஓர்ஸ் ஹில்லில் உள்ள ஒரு அரசாங்கக் கந்தோரில் பத்திரங்களைக் கொடுத்தால், உடம்பு சரி என்று ஆஸ்பத்திரிச் சேட்டிபிக்கட்டும் கேட்பார்கள். எழுபது கடந்தும் கண் நன்றாகத் தெரிகிறது, காது கேட்கிறது, கை நடுங்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். டொக்டர் இளம் ஆள். அட்டையைக் கருவியில் காட்டினார்கள், அவர் திரையைப் பார்த்தார், பேனையைக் கீழே வைத்தார்.

“ஐயா, லோஞ்ச் ஓட்ட இது தர ஏலாது.”

“ஏன் டொக்டர்?”

“பழைய வருத்தம் ஒண்டு இருக்குதுதானே. உங்களுக்கே தெரியும்.”

“எனக்குத் தெரிஞ்சா உங்களிட்ட ஏன் கேக்கிறன்? என்ன எழுதிக் கிடக்குது? இஞ்சால திருப்புங்கோ பாப்பம்.”

“நோயாளிக்குக் காட்ட எங்களுக்கு அனுமதி இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிடுங்கோ.”

பிரஷரைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். வெளியே வந்து வாங்கில் கொஞ்சம் இருந்தேன். கோபத்தில் பிரஷர் உண்மையாகவே ஏறியிருக்கும்.

இரண்டு நாள் கழித்து, இறங்குதுறைத் தேநீர்க் கடையில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்கிறேன். மீன் வாங்கி விற்கிற ஒருவன், என் மகன் வயது இருக்கும், பக்கத்தில் வந்து பாசமாகத் தோளில் கை போட்டான்.

“அண்ணே, எப்பவும் கையில ஒரு இரும்புத் துண்டு வைச்சிருங்கோ. பூட்டுத் திறப்புக் கோர்வை எண்டாலும் காணும்.”

“ஏன்ரா?”

“வலிப்பு வரேக்க இரும்பைப் பிடிச்சா நிக்குமாம்.”

“ஆருக்கடா வலிப்பு?”

அவன் கடைக்காரரைப் பார்த்தான். கடைக்காரர் கோப்பை கழுவினார். வாங்கில் இருந்தவர்கள் கடலைப் பார்த்தார்கள். “என்னண்ணே, ஊரே கதைக்குது” என்றான் அவன்.

பழைய அனுமதி முடிய இன்னும் சில நாள் இருந்தது. அன்றைக்கு லோஞ்சியில் ஏறி இருந்த இரண்டு பெண்கள், சுக்கானில் நான் நிற்பதைக் கண்டதும், எதையோ மறந்துவிட்டோம் என்று சொல்லி இறங்கிப் போனார்கள். மற்ற லோஞ்சியில் அவர்கள் ஏறுவதை நான் பார்த்தேன். அதுவும் என் லோஞ்சிதான், ஓட்டுகிறவன் வேறு ஆள்.

என் உடம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று டொக்டருக்குத் தெரியும், மீன் விற்கிறவனுக்குத் தெரியும், கோப்பை கழுவுகிறவருக்குத் தெரியும். அட்டையைக் கையில் வைத்திருக்கிற எனக்கு மட்டும் காட்ட அனுமதி இல்லை.

வீட்டுக்கு வந்து கத்தினேன். மனுசி மீன் வெட்டிக்கொண்டு குசினியில் இருந்தா. தலை நிமிராமலே கேட்டா, “எத்தினை கொப்பி குடுத்தனீங்கள்?”

“பதினொண்டு.”

“உங்கட கொப்பி பத்துத்தானே.”

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

“அந்த அலுமாரியைத் தூசி தட்டுறது ஆர்? நீங்களே? மூலையில வேற தையல் போட்டது ஒண்டு கிடந்தது. அது எங்க இப்ப?”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். இத்தனை வருடமும் மனுசிக்கும் சொல்லாத கதையை அன்றைக்குச் சொன்னேன். மீனும் கத்தியுமாகக் கேட்டுக்கொண்டிருந்தவ கடைசியில், “சரி, இதில என்ன கிடக்கு? போய், அது என்ர வருத்தம் இல்லை, இன்னாற்ற வருத்தம் எண்டு சொல்லுங்கோவன். ரெண்டு நிமிச வேலை” என்றா.

ரெண்டு நிமிட வேலை. அதற்காக அடுத்த நாள் கூட்டாளியிடம் போனேன். அவன் என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். நடந்ததைச் சொன்னேன். முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பெரிய கெட்டிக்காரன், தன்ர கொப்பி எது எண்டு தெரியாமக் குடுத்திட்டு வந்திருக்கிறான்!”

“சிரியடா, சிரி. என்னைச் சுக்கானால இறக்கிப்போட்டாங்கள்.”

சிரிப்பு நின்றது. “என்ர பேரைச் சொல்லு மச்சான். எனக்கினி என்ன? ஆர் என்னை வள்ளத்தில ஏத்தப் போறான், ஆர் இறக்கப் போறான்? சொல்லிப்போட்டு உன்ர பேப்பரை வாங்கு.”

“விளங்கிக்கொண்டுதான் சொல்லுறியோ?”

“விளங்கித்தான்.”

ஆனால் வீட்டின் முன்சுவரில் புதுச் சுண்ணாம்பு. உள்ளே பாய் விரித்துப் பெண்கள் நாலைந்து பேர் சீலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் கொண்டுவந்த அவன் மனைவி, “நல்ல நேரம் வந்தியள். எங்கட வீட்டில ஒரு நல்ல காரியம் பேசி முடிஞ்சிருக்குது” என்று முகம் மலரச் சொன்னா. யாருக்கு என்று இங்கே எழுதமாட்டேன். வலிப்பு உள்ள குடும்பம் என்று ஒரு சொல் சம்பந்தி வீட்டுக்குப் போனால் பாய் சுருட்டப்படும். அவனுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டுதான் சொல்லு என்றான். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

“பேர் சொல்லமாட்டன்” என்றேன்.

“விசர்க் கதை கதையாத.”

“எனக்கு ஆரும் வழி சொல்லத் தேவையில்லை. சேத்தில சாய்தளம் போட்டவன் நான்.”

“தொடங்கீட்டான்” என்றான் அவன்.

இனி ஆஸ்பத்திரி. எனக்கு வேண்டியது மூன்று. ஒன்று, என்னைப் பற்றி எழுதியிருப்பதை நான் பார்க்க வேண்டும். இரண்டு, இறங்குதுறை வரைக்கும் அதைக் கொண்டுவந்தது யார் என்று தெரிய வேண்டும். மூன்று, அது என் வருத்தம் இல்லை என்று நான் சொல்வதை, நான் சொன்னபடி அதிலேயே எழுத வேண்டும். பதிவு அறைப் பெண் என்னைக் கண்டதும் எழும்பி வரவேற்றார், பச்சை உறைக்காரர் அல்லவா. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் இருந்துவிட்டார்.

“ஐயா, அது ஆஸ்பத்திரியின்ர பதிவு. வெளியில குடுக்கேலாது.”

“நான் வெளியே? அதுக்குள்ள கிடக்கிறதே நான்தானே பிள்ளை.”

“விளங்குது ஐயா. ஆனா எனக்கு அதிகாரம் இல்லை.”

“அப்ப என்ர கொப்பியளைத் தாங்கோ. காசு குடுத்து வாங்கின கொப்பி. படங்கு என்ர, நூல் என்ர, தையல் என்ர.”

“அது ஸ்டோர்ல போட்டாச்சு. மேலிடத்துக் கடிதம் இல்லாம எடுக்கேலாது.”

“ஆர் ஆர் என்ர பக்கத்தைப் பாத்தவை எண்டாவது சொல்லுங்கோ.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைக் குறைத்தார். “அது சிஸ்டத்தில விழும் ஐயா. ஆர் எந்த நாள் எத்தினை மணிக்குத் திறந்தது எண்டு எல்லாம் விழும். ஆனா நீங்கள் வாயால கேட்டாத் தரமாட்டினம். எழுதிக் கேளுங்கோ. எழுதிக் குடுத்தா, பதில் சொல்லியே ஆகவேணும். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ.”

இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. அந்த அறையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன்.

கடிதத்தை நானே எழுதினேன். அரசாங்கக் கச்சேரிக்கு முன்னால் இருந்து மனு எழுதிக் கொடுக்கிறவர்களிடம் போகவில்லை. போனால் இன்னொருவருக்கும் கதை தெரியும். இரண்டு நாள் எடுத்தது. பிழை திருத்த மனுசி வந்தா, விடவில்லை. ‘எனது கொப்பிகளில் ஒன்றில் உள்ள வலிப்பு என்னும் வருத்தம் எனது அல்ல. யாருடையது என்று சொல்லமாட்டேன். அதை எனது என்று சொன்னது நான். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனது உடம்பைப் பற்றி எழுதியதை எனக்குக் காட்டாமல் இறங்குதுறைக்குக் காட்டியது உங்கள் குற்றம். அதை நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.’ இப்படித் தொடங்கி இரண்டு பக்கம். கொடுத்து, கையெழுத்து வாங்கி, பிரதி ஒன்று வைத்துக்கொண்டேன். கொப்பியில் கற்ற பாடம்.

பதில் வரும் வரை ஒவ்வொரு கிளினிக் நாளும் போய் வாங்கில் இருந்தேன். மருந்துக்கு இல்லை, சும்மா. “ஐயா, இண்டைக்கு உங்கட நாள் இல்லையே” என்பார்கள். “என்ர நாள் எது எண்டு திரையில பாத்துச் சொல்லுங்கோ, நானும் பாக்கிறன்” என்பேன். வாங்கில் இருந்தவர்கள் கதை கேட்டார்கள். கொப்பி கொடுத்த எல்லோருக்கும் ஒரு கேள்வி இருந்தது. ஒரு அம்மாவுக்குத் தன் ஒப்பரேஷன் என்ன என்றே தெரியவில்லை, எழுதிய கொப்பியையும் கொடுத்துவிட்டா. எழுதிக் கேளுங்கோ என்று அவர்களுக்குச் சொன்னேன். நாலு பேர் எழுதினார்கள். பிறகு இன்னும் சிலர்.

கடைசியில் பெரிய டொக்டர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஒரு அம்மா, தலை நரைத்தவர், என் கடிதம் மேசையில் விரித்தபடி இருந்தது.

“இருங்கோ ஐயா. இது நீங்களே எழுதினதோ?”

“ஓம்.”

“அப்ப வலிப்பு ஆற்ர?”

“சொல்லமாட்டன்.”

“பொய் சொல்லி ஆறு வருஷம் மருந்து எடுத்திருக்கிறியள். பிழையான மருந்து ஒரு ஆளுக்குப் போயிருந்தா?”

“போகேல்ல டொக்டர். ஆனா அது பிழைதான். அந்த நேரம் கதவைச் சாத்தி வைச்சு ஒரு மனிசனோட கதைச்சிருந்தா அவனே வந்திருப்பான். நான் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை.”

அவர் பேனையை இரண்டு தரம் மேசையில் தட்டினார்.

“பேரைச் சொன்னா இண்டைக்கே திருத்தலாம்.”

“பேரைச் சொன்னா இண்டைக்கே அதுவும் இறங்குதுறைக்குப் போகும்.”

இதற்குப் பிறகுதான் அவர் எழும்பிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து திரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அவராகவே விளங்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். எந்த வருடம் பிரஷர் எவ்வளவு, எப்போது காலில் ஆணி ஏறியது, எப்போது குளிசையை ஒழுங்காக எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது. அது உண்மை. ஒரு இடத்தில் நின்று சிரித்தார்.

“இதில ஒரு டொக்டர், ‘அதிகம் கதைப்பவர்’ எண்டு எழுதியிருக்கிறார். இதையும் மாத்தவேணுமோ?”

“அது கிடக்கட்டும்” என்றேன்.

பிறகு வலிப்பு. ஆறு வருடமும் இருந்தது, நான் சொன்ன சொல்லெல்லாம், நாக்கைக் கடித்தது உட்பட. நான் மறந்துபோன ஒன்றும் இருந்தது: ‘விழித்ததும் முதலில், யாரும் பார்த்தார்களா என்று கேட்கிறார்.’ அதைக் கேட்டதும் எழும்பி, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன்.

எழுதியதை அழிக்க முடியாது என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். அழிக்கிற வழி வைத்தால் நாளைக்கு வேறு யாரும் வேறு எதையும் அழிப்பார்கள். ஆனால் கீழே சேர்த்து எழுதலாம். அதற்கு முன் வேறு ஊரில் உள்ள மூளை நரம்பு டொக்டரிடம் போய்ச் சோதித்து வர வேண்டும். போனேன். தலை முழுவதும் வயர் ஒட்டினார்கள். அந்தச் சோதனை மட்டும் போதாது என்று மனுசியையும் கேட்டு, என்னோடு வேலை செய்கிறவர்களையும் கேட்டு, எத்தனையோ வருடமாகக் குளிசை இல்லாமலும் வலிப்பு இல்லாமலும் இருக்கிறேன் என்று எழுதித் தந்தார். பெரிய டொக்டர் அதைச் சேர்த்தார். அதற்குக் கீழே என் சொல்லையும் சேர்த்தார். ‘இந்த வருத்தம் தன்னுடையது அல்ல என்று நோயாளி சொல்கிறார். யாருடையது என்று சொல்ல மறுக்கிறார்.’ மறுக்கிறார் என்ற சொல்லை எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டச் சொன்னேன். நல்ல சொல்.

திறந்து பார்த்தவர்களின் பட்டியலும் வந்தது. நான் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாத ஒரு நாளில், என் வருத்தத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆஸ்பத்திரி ஆள் ஒருவர், என் பக்கத்தைத் திறந்திருந்தார். டொக்டர் பெயரை வாசித்ததும் எனக்கு விளங்கியது, இறங்குதுறைக்கு எந்த வழியால் வந்தது என்று. வேலையால் நிற்பாட்டுகிற அளவுக்குப் போகலாம் என்றார் டொக்டர்.

“வேண்டாம்” என்றேன். “வார கிழமை லோஞ்சியில ஒருக்கா ஏறச் சொல்லுங்கோ. நான் ஓட்டுறன். முன்வாங்கில, எனக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு இருக்கட்டும். காணும்.”

“அதை நான் கட்டளை போடேலாது ஐயா.”

“கட்டளை வேண்டாம். நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ.”

அனுமதிப் பத்திரம் கையில் வந்த அடுத்த கிழமை அவர் வந்தார். இறங்குதுறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஏறி முன்வாங்கில் இருந்தார். காற்று கொஞ்சம் கடுமை. நான் சுக்கானில் நின்றேன், காலால் பிடிக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்தேன். போய்த் திரும்பி இறங்கும்போது “மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா” என்றார், எனக்கு மட்டும் கேட்க. ஆஸ்பத்திரி ஆளே பயமில்லாமல் ஏறுகிறார் என்று கண்ட சனம் அடுத்த பயணத்துக்கு ஏறியது. அந்த இரண்டு பெண்களும்தான். மீன் விற்கிறவனுக்கு ஒரு பழைய திறப்புக் கோர்வையைப் பரிசாகக் கொடுத்தேன்.

இப்போது யன்னல். சில மாதத்துக்குப் பிறகு பதிவு அறைச் சுவரை உடைத்து ஒரு யன்னல் வைத்தார்கள். மேலே பலகை: ‘உங்கள் மருத்துவப் பதிவை நீங்கள் இங்கே கேட்டுப் பார்க்கலாம்.’ ஒரு படிவம், பிழை இருந்தால் எழுத இன்னொரு படிவம், யார் பார்த்தார்கள் என்று கேட்க மூன்றாவது. உள்ளே கதவோடு சின்ன அறை, சத்தம் வெளியே வராது. பழைய கொப்பி வேண்டியவர்களுக்குக் கொப்பியும் திரும்பக் கிடைத்தது. என் பதினொன்றும் வந்தன, உறை ஒன்றும் பிரியவில்லை.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். அழைக்கவில்லை, போனேன். நாலாவது வரிசையில் இருந்தேன். குத்துவிளக்கு ஏற்றினார்கள், நாடா வெட்டினார்கள். மேலிடத்தாருக்கு நன்றி, கொம்பியூட்டர் கொடுத்தவர்களுக்கு நன்றி, சுவர் உடைத்த மேசன்மாருக்கு நன்றி, குளிர்பானம் கொடுத்தவருக்கும் நன்றி. வாங்கில் இருந்து கேட்டவனுக்கு இல்லை. அந்த மூன்று படிவமும் என் கடிதத்தின் மூன்று கேள்வி. ஒழுங்குகூட மாறவில்லை. பிரதி என்னிடம் இருக்கிறது. மனுசி என் கையைப் பிடித்து இருத்தியிருக்காவிட்டால் அங்கேயே எழும்பிச் சொல்லியிருப்பேன்.

பொய் சொன்னது நான் என்று எழுதிவிட்டேன். புகழ்ச்சியில் மயங்கி நூலைப் பார்க்காமல் கொப்பியைக் கொடுத்ததும் நான்தான். இரண்டையும் என் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், மறுக்கவில்லை. ஆனால் பிழைக்கு ஆள் நான் என்றால் யன்னலுக்கும் ஆள் நான்தான். பலகையில் கீழே இடம் வெறுமையாகத்தான் இருக்கிறது, அளந்து பார்த்தேன், ஒரு வரி தாராளமாகப் பிடிக்கும். ‘இது ஒரு லோஞ்சிக்காரர் எழுதிக் கேட்டதால் வந்தது’ என்று எழுதுங்கள். பெயரும் போட வேண்டும். அதை நான் நேரில் வந்து சொல்லித் தருவேன். தீந்தையும் தூரிகையும் நானே கொண்டு வருகிறேன், எழுத ஆள் இல்லை என்று சாட்டுச் சொல்ல வேண்டாம்.